உச்சிவேளை விருந்தாளிகள்: திருக்கழுக்குன்றம் கேள்வி–பதில்

மகன் ஸ்பெயினில் வேலை பார்க்கிறான். டொலேடோ என்கிற பழைய நகரத்துக்குப் போய்வந்து, பார்க்கப் பார்க்கத் தீராத அளவு படம் அனுப்பியிருக்கிறான். பாறை மேல் ஊர், சுற்றிலும் ஆறு, சந்துக்குச் சந்து சரித்திரம். நம் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் உண்டா, ஐயா?
– வாசகி, மதுராந்தகம்

உண்டம்மா. நீங்கள் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், நட்ட நடுவில். மாமல்லபுரம் போகிற அவசரத்தில், பஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லோரும் கடந்துபோகிற ஊர். அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

டொலேடோவை மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைத்திருக்கிறது. அங்கே பாறை மேல் ஊர் இருக்கிறது. இங்கே பாறையைச் சுற்றி ஊர் இருக்கிறது. உச்சியில் வேதகிரீஸ்வரர் கோயில், அடிவாரத்தில் நான்கு கோபுரங்களோடு பக்தவத்சலேஸ்வரர் கோயில். ஊர்க்காரர்கள் ‘மலைக்கோயில்’, ‘தாழக்கோயில்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கிழக்கே சங்குத் தீர்த்தம் என்கிற பெரிய குளம். மலைக்கும் குளத்துக்கும் நடுவே தேரோடும் வீதிகள். மகனிடம் சொல்லுங்கள், அடுத்த விடுமுறைக்கு வரும்போது இங்கே ஒரு நாள் வேண்டும்.

டொலேடோவில் 999-இல் கட்டிய மசூதி இன்னும் நிற்கிறதாம். கழுக்குன்றத்துக்கு அந்த வயது தேறுமா?
– வாசகர், தாம்பரம்

தேறும், மிச்சமும் இருக்கும்.

அந்த மசூதி பின்னாளில் தேவாலயமானது. அங்கே யூதர்கள் கட்டிய தொழுகைக்கூடம் ஒன்றும் தேவாலயமாகி, இன்றைக்கு சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பெயரில் நிற்கிறது. 1085-இல் ஆறாம் அல்போன்சோ அரசர் நகரைப் பிடித்தார். அடுத்த நூற்றாண்டில் அங்கே உட்கார்ந்து அறிஞர்கள் அரபு நூல்களை இலத்தீனுக்குப் பெயர்த்தார்கள். ஒரே கட்டடத்தில் ஒருவர் மேல் ஒருவர் எழுதிவிட்டுப் போன நகரம் அது.

நம் ஊரிலும் ஆட்சி கை மாறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் மாறிய கைகள் செய்ததைப் பாருங்கள். முதலாம் ஆதித்த சோழனுடைய 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி. அது சொல்வதன் சாரம் இது: கோயிலுக்கு நிலம் விட்டவன் ஸ்கந்தசிஷ்யன் என்ற பல்லவ அரசன். அதை அப்படியே காத்து வந்தவன் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரைசன். இப்போது நானும் அதைக் காக்கிறேன்.

பல்லவனைத் தோற்கடித்த வம்சம் சோழர் வம்சம். ஜெயித்தவன், தோற்றவனுடைய தர்மத்தைத் தோற்றவன் பேர் சொல்லியே கல்லில் புதுப்பிக்கிறான். அரை நூற்றாண்டு கழித்து ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தக்கோலத்தில் சோழரை முறியடித்து இந்தப் பக்கத்தைப் பிடித்தான். ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்ற பட்டத்தோடு அவன் காலத்துக் கல்வெட்டுகளும் இதே ஊரில் இருக்கின்றன. பின்னொரு காலத்தில் சோழர்கள் ஊருக்கே உலகளந்த சோழபுரம் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் வாயில் கழுக்குன்றம்தான் நின்றது.

கழுகு வரும் என்று பெயர் வந்ததா, பெயர் வந்த பிறகு கழுகு கதை வந்ததா?
– வாசகர், காஞ்சிபுரம்

பெயரே சாட்சி. சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டில் பாடும்போதே இது கழுக்குன்றம். சுந்தரரும் பாடியிருக்கிறார். திருவாசகத்தில் மாணிக்கவாசகருடைய கழுக்குன்றப் பதிகம் தனியாகவே இருக்கிறது. நால்வர் பாடலும் பெற்ற ஊர். ஆக, 1,300 வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மலையைக் கழுகோடு சேர்த்துத்தான் ஜனங்கள் நினைத்திருக்கிறார்கள்.

பட்சி தீர்த்தத்தில் கழுகு சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான்.
– வாசகர், செங்கல்பட்டு

பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில், பல தடவை. பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

உச்சிவேளைக்குச் சற்று முன். வெயிலில் பாறை தகதகவென்று காயும். பண்டாரம் ஒரு பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலோடு பாறைச் சரிவில் வந்து உட்காருவார். பக்கத்தில் நெய்க் கிண்ணம். சற்றுத் தள்ளி நாங்கள் நூறு பேர், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்போம். நிற்க முடியாது, அப்படிச் சுடும். யாரும் பேச மாட்டார்கள். குழந்தை அழுதால் அம்மா முந்தானையால் மூடுவாள்.

முதலில் ஒரு நிழல் பாறையில் ஓடும். நிமிர்ந்தால் வெள்ளை உடம்பும் கறுப்பு இறக்கை ஓரமுமாக ஒன்று வட்டம் போடும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இறங்கிய பிறகு நடந்துதான் வரும். சினிமாவில் காட்டுகிற மாதிரிப் பாய்ந்து வராது. கொஞ்சம் பெரிய கோழி போல, தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, நிதானமாக. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி முகம். பின்கழுத்தில் கலைந்த மயிர் போல இறகு. மெல்லிய அலகு. பண்டாரத்தின் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பொங்கலைக் கொத்தும். தின்று முடித்து அலகைப் பாறையில் இப்படியும் அப்படியும் தீட்டும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மிச்சத்தை எங்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். என் பாட்டி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுவாள். இரண்டும் சாபம் பெற்ற முனிவர்கள். யுகத்துக்கு ஒரு ஜோடி. இது கலியுகத்து ஜோடி என்பாள். காசியில் குளித்து, கழுக்குன்றத்தில் சாப்பிட்டு, ராமேஸ்வரத்தில் தங்கும் என்பாள். எதிர்வீட்டுப் பாட்டி குளிப்பதை ராமேஸ்வரத்துக்கும் தங்குவதைக் காசிக்கும் மாற்றிச் சொல்வாள். சாப்பாடு மட்டும் இரண்டு பேர் கணக்கிலும் எங்கள் ஊரில்தான்.

அதே இரண்டு பறவைதான் ஆயிரம் வருஷமாக வந்ததா? அறிவியல் என்ன சொல்கிறது?
– கல்லூரி மாணவி, மறைமலைநகர்

பறவையின் பெயரிலிருந்து தொடங்குவோம். தமிழில் மஞ்சள் முகப் பாறு. நாம் பொதுவாகக் கழுகு என்று சொன்னாலும் இது பிணந்தின்னி இனம். பழந்தமிழ் இதைப் பாறு என்று தனியாகவே பிரித்துச் சொன்னது. பறவையியலார் எகிப்தியப் பாறு என்பார்கள். ஆங்கிலத்தில் ‘பாரோவின் கோழி’ என்றே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் கோழி நடை என்று சொன்னேனே, அது வெளியூர்க்காரர்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது.

இந்தியாவில் வாழும் கிளையினத்துக்கு அறிவியல் வைத்த பெயர் கிஞ்சினியானஸ். நம் செஞ்சிதான் அது! பிரெஞ்சுப் பயணி சொன்னரா பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்தபோது செஞ்சிப் பாறு என்று எழுதி வைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. உலகத்துப் பறவைப் புத்தகம் எல்லாவற்றிலும் நம் வட தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் உட்கார்ந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. இந்தப் பறவை வாழ்நாள் நெடியது. கூண்டில் 37 வருஷம் வரை வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. ஜோடி சேர்ந்தால் எளிதில் பிரியாது. பாறை இடுக்கில் கூடு கட்டும், கட்டிய இடத்துக்கே வருஷா வருஷம் திரும்பும். சோறு கிடைக்கிற இடத்தை மறக்காது. ஒரு ஜோடி போனால் அந்த இடத்தை இன்னொரு ஜோடி பிடித்துக்கொள்ளும். கீழே நின்று பார்க்கிறவருக்கு என்றைக்கும் இரண்டு; என்றைக்கும் அதே மஞ்சள் முகம். அதே இரண்டு என்று நம் பாட்டிகள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்தின் ஜோடி என்று வைத்துப் பார்த்தால், அதே ஜோடிதான்.

அந்த மஞ்சள் முகம் மஞ்சள் குங்குமம் பட்டு வந்ததா?
– வாசகி, அச்சரப்பாக்கம்

சாணத்திலிருந்து வந்தது. அருவருக்க வேண்டாம், கேளுங்கள். 2002-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது: மாடு, ஆடுகளின் சாணத்தில் இருக்கும் மஞ்சள் நிறமிக்காகவே இந்தப் பறவை அதைத் தின்கிறது. முகம் எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு திடமான பறவை என்று துணைக்குத் தெரியும். மாடு மேய்கிற ஊரில்தான் மஞ்சள் முகம் இருக்கும்.

ஏன் வருவதை நிறுத்தின? ஊரில் பாவம் பெருகிவிட்டது என்கிறார் எங்கள் தெருப் பெரியவர்.
– வாசகர், திருப்போரூர்

1998 வாக்கில் நின்றது. பெரியவர் சொல்கிற பாவத்துக்கு ஒரு பெயர் உண்டு: டைக்ளோஃபெனாக்.

வலி மருந்து. மாட்டுக்கு ஊசியாகப் போட்டார்கள். மருந்து ஏறிய மாடு இரண்டொரு நாளில் செத்தால், அந்த உடலைத் தின்கிற பாறுவுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். 1990-களிலிருந்து இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாக மறைந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மஞ்சள் முகப் பாறுவின் எண்ணிக்கையும் கூடவே சரிந்தது. 2007-இலிருந்து அது உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். கழுக்குன்றத்துக்குச் சாப்பிட வராமல் போனதும் அந்தச் சரிவுக் காலத்தில்தான்.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்தியா 2006-இல் தடை செய்தது. ஸ்பெயினைப் பற்றிக் கேட்ட மதுராந்தகம் வாசகிக்கும் இது தேவைப்படும்: ஐரோப்பாவில் பாறுகள் மிக அதிகமாக வாழும் நாடு அது. செகோவியா என்கிற பழைய நகரத்துக்கு வடக்கே, துரத்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாறை மேல் ஒரு பழைய துறவியர் ஆலயம். சுற்றிலும் செங்குத்துப் பாறையில் நூற்றுக்கணக்கில் பாறுகள். பார்த்தால் கழுக்குன்றம்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட நாடு, நாம் தடை செய்த அதே மருந்தை 2013-இல் கால்நடைக்கு அனுமதித்தது. நாம் இழந்த பிறகு கற்றோம். அவர்கள் நம்மைப் பார்த்தே கற்றிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சரி, பறவை இல்லாத மலைக்கு ஏன் ஏற வேண்டும்?
– வாசகர், சென்னை

560-க்கு மேற்பட்ட படிகள். ஏறுங்கள், சொல்கிறேன். மேலே நின்று கிழக்கே திரும்பினால், காலைக் காற்று தெளிவாக இருக்கும் நாளில் கடல் ஒரு கோடாகத் தெரியும். காலடியில் தாழக்கோயிலின் நான்கு கோபுரங்களும் பிரகாரமும் யாரோ கோலம் போட்டு வைத்த மாதிரி விரியும். அதற்கு அப்பால் சங்குத் தீர்த்தம். ஊரைக் கட்டியவர்கள் மேலிருந்து பார்த்துக் கட்டினார்களோ என்று தோன்றும். கீழே வீதியில் நிற்கிறபோது இந்த ஒழுங்கு கண்ணுக்குப் படாது.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தில் உட்காருங்கள். பல்லவர் குடைந்த குகை. மாமல்லபுரத்துக் குகைகளில் பின்னால் நிற்பவர் தள்ளிக்கொண்டே இருப்பார். இங்கே தூண், துவாரபாலகர், நடுவில் லிங்கம், நீங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஒருகல் மண்டபத்தில் டச்சுக்காரர்கள் பேர் வெட்டியிருக்கிறார்களாமே? அது சரித்திரம் என்றால் என் நண்பன் சாவியால் கிறுக்கியதும் நாளைக்குச் சரித்திரம்தானே?
– கல்லூரி மாணவர், கல்பாக்கம்

உங்கள் வீட்டுப் பக்கத்துச் சதுரங்கப்பட்டினம் கோட்டையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே மெல்லிய துணி வாங்கி ஏற்றுமதி செய்தார்கள். ஓய்வு நாளில் இங்கே வந்து, மலையேறி, குகையில் இளைப்பாறி, பேரை வெட்டிவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் கல்லறைகளில் படுத்திருப்பவர்களின் பெயர்களையும் போய்ப் படியுங்கள். ஊர் திரும்பாதவர்கள்.

நண்பருக்கு என் பதில் ‘கூடாது’ என்பதுதான். டச்சுக்காரர்கள் செய்ததும் தப்புதான். பல்லவச் சிற்பி தேய்த்து வழவழப்பாக்கிய தூண் அது. முந்நூறு வருஷத்து வடு என்பதால் அதை ஆராய்கிறோம். அதற்காகப் புது வடு போட யாருக்கும் உரிமை கிடையாது. போன மாதம் ஒரு பையன் தூணில் இதயம் வரைந்துகொண்டிருந்தான். ஸ்கந்தசிஷ்யன் கதையைச் சொன்னேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டான்.

சங்கு கடலில் பிறக்கும். குளத்தில் எப்படிப் பிறக்கும்?
– பள்ளி மாணவி, மதுராந்தகம்

நல்ல கேள்வி, கண்ணு. சங்குப் பூச்சி கடல் உயிரி. உப்புத் தண்ணீர் இல்லாமல் வளராது. உன் பாடப் புத்தகம் சொல்வது சரி.

ஊர் சொல்வதையும் கேள். மார்க்கண்டேயர் இங்கே வந்தபோது சிவனுக்கு அபிஷேகம் செய்யப் பாத்திரம் இல்லை. குளத்திலிருந்து ஒரு சங்கு எழுந்தது. அதுமுதல் 12 வருஷத்துக்கு ஒரு முறை சங்கு வெளிவரும் என்பது ஐதீகம். 2011-இல் வந்ததாக ஊரே திரண்டது. கரையோரம் நுரை தள்ளினால் அடையாளம் என்பார்கள். சங்கை எடுத்து, மேளத்தோடு தாழக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பழைய சங்குகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. கார்த்திகை சோமவாரத்துச் சங்காபிஷேகத்தின்போது பார்க்கலாம்.

குரு கன்னி ராசிக்கு வரும்போது குளக்கரையில் லட்ச தீபம். 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அப்போது நீ கல்லூரியில் இருப்பாய். தோழிகளைக் கூட்டிக்கொண்டு வா. அகல் ஏற்றிப் படித்துறையில் வைக்கிறபோது, தண்ணீருக்குள் இன்னொரு லட்சம் எரிவதைப் பார்ப்பாய்.

சங்குத் தீர்த்தத்தில் ஒரு மண்டலம் முழுகி மலைவலம் வந்தால் சித்தப்பிரமை தீரும் என்கிறார்கள். என் தங்கையை அழைத்து வரலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம்

அழைத்து வாருங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். விடிகாலையில் எழுவது, குளிப்பது, கூடவே ஒருவர் துணையாக மலையைச் சுற்றி நடப்பது, நாற்பத்தெட்டு நாள் யாரும் அந்தப் பெண்ணை ஒளித்து வைக்காமல் ஊர் நடுவே அழைத்துப் போவது. இவை அவளுக்கு நல்லதே செய்யும். ஆனால் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டிக்கொண்டே வாருங்கள். குளத்தில் வழுக்கும் படி உண்டு, தங்கையின் கையை விடாதீர்கள்.

அம்மன் சந்நிதியில் எனக்கு அபிஷேகம் பார்க்கக் கிடைக்கவில்லை. எப்போது வரவேண்டும்?
– வாசகி, உத்திரமேரூர்

ஆடிப்பூரம், நவராத்திரி முடிவு, பங்குனி உத்திரம். திரிபுரசுந்தரிக்கு முழு அபிஷேகம் வருஷத்தில் இந்த மூன்று நாள்தான். மற்ற நாளில் பாதத்துக்கு மட்டும். முந்தின நாளே வந்துவிடுங்கள், கூட்டம் நெரியும்.

மலையைக் கண்ணால் காணாமலே ஒரு கவிஞர் புராணம் பாடினாராமே?
– தமிழாசிரியர், பவுஞ்சூர்

அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பக்கத்துப் பொன்விளைந்தகளத்தூரில் வாழ்ந்தவர். திருக்கழுக்குன்றப் புராணம் அவருடையது. சேயூர்க் கலம்பகம், திருவாரூர் உலாவும் அவருடையவை. முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துக் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. படி எத்தனை என்று அவர் காலுக்குத் தெரிந்திருக்கும், காற்று எந்த இடத்தில் திரும்புகிறது என்று கன்னத்துக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மாணவர்களை மலையில் ஓரிடத்தில் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, கேட்டதை மட்டும் எழுதச் சொல்லுங்களேன்.

கழுகு திரும்ப வருமா?
– நாலாம் வகுப்பு, செங்கல்பட்டு

தமிழ்நாட்டில் பாறு அற்றுப்போய்விடவில்லை, தம்பி. நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றைக்கும் கூடு கட்டுகின்றன. தாய்ப்பறவை ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து ஜோடி சேர ஐந்தாறு வருஷம் பிடிக்கும். அதனால் மெதுவாகத்தான் பெருகும். உன் தாத்தா வீட்டில் மாடு இருந்தால், அதற்கு வலி ஊசி போடும்போது என்ன மருந்து என்று டாக்டரிடம் கேட்கச் சொல். மெலாக்சிகாம் என்றால் சரி, அது பாறுவுக்குக் கெடுதல் செய்யாது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்றால் வேண்டாம் என்று சொல்லச் சொல். அவற்றையும் 2023-இல் தடை செய்துவிட்டார்கள்.

ஒரே நாளில் கழுக்குன்றமும் மாமல்லபுரமும் பார்க்க வேண்டும். எப்படி?
– வாசகர், திண்டிவனம்

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெயில் ஏறுமுன் மலையேறி விடுங்கள். செருப்பை அடிவாரத்தில் விட வேண்டும். பத்து மணிக்கு மேல் படி சுடும் என்பதால் ஒரு ஜோடி பருத்திச் சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஒருகல் மண்டபத்தில் அரை மணி. கீழே வந்து டிபன், தாழக்கோயில், நடந்தே சங்குத் தீர்த்தம். மத்தியானம் மாமல்லபுரம் பஸ். குரங்குகள் உண்டு, பழத்தைக் கையில் ஏந்தாதீர்கள். சாவியைப் பையிலேயே வைத்திருங்கள்.